முந்திவிடும் ஆறுதல்: குழந்தைப் புற்றுநோயும் நமது ஸப்ர் மொழியும்

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைத் தேற்றுவதற்கென்றே தனியொரு நூல்வகையை வளர்த்தெடுத்தது இஸ்லாமிய நாகரிகம். 1347ஆம் ஆண்டில் எகிப்தை வந்தடைந்த பெருங்கொள்ளைநோய் அதன்பின் பல தலைமுறைகளுக்கு அலை அலையாகத் திரும்பி வந்தது. ஒவ்வோர் அலையிலும் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். கெய்ரோவிலும் திமிஷ்கிலும் வாழ்ந்த அறிஞர்கள் இந்தப் பெருந்துயரின் நடுவிலிருந்து எழுதினார்கள். இப்னு அபீ ஹஜலா (மறைவு 1375), இப்னு நாஸிருத்தீன் திமிஷ்கீ (மறைவு 1438), ஸகாவீ (மறைவு 1497), ஸுயூத்தீ (மறைவு 1505) ஆகியோர் இயற்றிய ஆறுதல் நூல்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. தலைப்புகளே அவற்றின் நோக்கத்தைச் சொல்லிவிடும். ஒன்று பிள்ளைகளை இழந்து வாடுவோரின் தேறுதல்; மற்றொன்று மக்களை இழந்த ஈரல்களின் குளிர்ச்சி; இன்னொன்று பிள்ளையை இழந்தவேளை உறுதி கொள்வதன் சிறப்பு.

ஆவ்னர் கிலாதி என்னும் ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த ஆறுதல் நூல்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இடைக்காலப் பெற்றோருக்குக் குழந்தைகள்மீது ஆழ்ந்த பற்று இருந்ததில்லை என்றொரு கருத்து மேற்குலக வரலாற்றியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது. முஸ்லிம் உலகைப் பொறுத்தவரை அக்கருத்து நிற்காது என்பதற்கு இந்நூல்களே சான்று. பற்றில்லாத இடத்தில் ஆறுதல் நூலுக்கு என்ன வேலை?

நாம் இங்கே எழுப்ப விரும்பும் வினா வேறு. இந்நூல்கள் நமக்கு விட்டுச் சென்ற ஆறுதல் மொழி, இன்று புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையின் வீட்டு வாசலில் நிற்கும்போது என்ன செய்கிறது? தேற்றுகிறதா, அன்றிக் காயப்படுத்துகிறதா?

அந்நூல்களின் காலம்

மேற்குறித்த நூல்கள் அனைத்திற்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. மூன்று குழந்தைகளையோ இரண்டையோ இழந்த தாய்க்கு அவர்கள் நரகிலிருந்து திரையாவார்கள் என்ற நபிமொழி முதலிடம் பெறும். சுவன வாசலில் பெற்றோருக்காகக் காத்திருக்கும் சிறார்களைப் பற்றிய அறிவிப்புகள் தொடரும். அழுவதில் ஆகுமானது எது, ஆகாதது எது என்ற சட்டவிளக்கம் வரும். இறுதியில் பொறுமை காத்த பெற்றோரின் வரலாறுகள் இடம்பெறும். இவ்வமைப்பு முழுவதும் ஓர் எடுகோளின்மீது நிற்கிறது: குழந்தை இறந்துவிட்டது. நூலாசிரியன் பேசத் தொடங்குவது மண்ணை மூடிய பிறகே.

அதற்குக் காரணமும் உண்டு. கொள்ளைநோய் சில நாள்களில் உயிரைக் கொண்டுபோய்விடும். நோய்க்கும் மரணத்துக்கும் நடுவே ஒரு சொல் சொல்லவும் அவகாசமில்லை. ஆகவே அந்நூல்களின் மொழி இழப்புக்குப் பிந்திய மொழியாக அமைந்தது. அது அவர்கள் காலத்தின் மெய்ம்மை.

அம்மொழி நம் பயான் மேடைகளுக்கும், மேடைகளிலிருந்து நம் வீட்டுத் திண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது. “அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கொள்வான், சபூர் செய்யுங்கள்” என்று சொல்வது நமக்கு இயல்பாகிவிட்டது. குறையெல்லாம் சொல்லப்படும் வேளையில்தான். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன அன்று மாலையே வீட்டுக்கு வருவோர் இச்சொற்களோடு வருகிறார்கள். உள்ளறையில் படுத்திருக்கும் பிள்ளை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் காதும் நன்றாகக் கேட்கிறது.

நோயின் காலம் மாறிவிட்டது

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் தற்காலிகமாகவேனும் நோயைத் தணிக்க மருந்து உண்டு என்பதைப் பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் 1948இல் உலகுக்கு அறிவித்தார். அவர் கையாண்ட மருந்து உருவானது லெடர்லே ஆய்வகத்தில். அவ்வாய்வுக்குத் தலைமை ஏற்றிருந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். ஆறே ஆண்டுகளில், 1954இல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. 1960இல் நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென ஒரு புற்றுநோய்ப் பிரிவும் அங்கே தொடங்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அடையாறு, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் ஆகிய நிலையங்கள் எம்.சி.பி. 841 எனப்படும் பொதுவான சிகிச்சைமுறையைக் கையாண்டன. அதன் பயனாகப் பிழைத்தெழும் குழந்தைகளின் விகிதம் கணிசமாக உயர்ந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். செல்வ நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய, நடுத்தர வருவாய் நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை. இவ்விடைவெளியைக் குறைத்து, 2030ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 60 விழுக்காட்டினரேனும் பிழைக்க வேண்டும் என்னும் இலக்கோடு 2018இல் அந்நிறுவனம் ஒரு முன்முயற்சியைத் தொடங்கியது. இடைவெளிக்கான காரணங்களாக அது எடுத்துரைப்பவற்றுள் நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிவதும், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் அடங்கும்.

இந்தக் கைவிடல் நம் ஆய்வுக்கு உரிய இடம். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகைக்குரிய சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிப்பது. முதற்கட்டம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடியும்போது, பெரும்பாலான குழந்தைகளின் ரத்தத்தில் நோயின் தடயம் மறைந்துவிடும். பிள்ளை தெளிந்து விளையாடத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று நம்பிச் சிலர் நிறுத்துகிறார்கள். விதி எழுதப்பட்டுவிட்டது, இனிப் பிள்ளையை வதைப்பானேன் என்று வேறு சிலர் நிறுத்துகிறார்கள். முதல் வகையினருக்குத் தேவை தகவல். இரண்டாம் வகையினரின் முடிவில் அவர்களைச் சுற்றியிருந்தோர் பேசிய மொழிக்கும் பங்குண்டு. இறந்த குழந்தைக்கென உருவான ஆறுதல், வாழும் குழந்தையின்மீது சொல்லப்படும்போது அது தீர்ப்பாக மாறிவிடுகிறது.

ஒரு சாலையும் ஒரு குடும்பமும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சிற்றூர் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ஜடாயு என்னும் பறவைக்கு இராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது வைணவ மரபின் நம்பிக்கை. ஒரு பறவைக்காகத் துக்கம் காத்த கதையைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர்.

இவ்வூரையும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் எண்ணிப் பார்ப்போம். காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில், புற்றுநோயால் 1969இல் மறைந்த முதலமைச்சரின் பெயரால் அமைந்த அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சாலையின் ஒரு முனையில் சென்னையின் அடையாறும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும். மறுமுனையில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்துக்கு இவ்வளவு அணுக்கமான கிராமங்கள் மிகச் சிலவே இருக்கக்கூடும். 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, பெயர் மாறி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்வதால், சிகிச்சைச் செலவின் ஒரு பகுதியும் ஏழைகளுக்குக் குறைந்திருக்கிறது.

ஆயினும் சாலையும் காப்பீடும் சுமக்காத பாரம் ஒன்று உண்டு. தாய் மாதக்கணக்கில் வார்டில் இருக்கிறாள். தந்தை தறிக்கோ கடைக்கோ கூலிக்கோ போயாக வேண்டும். போகாத நாளில் பேருந்துக் கட்டணத்துக்கும் வழியில்லை. மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டில். கீமோ ஊசிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்தாக முடியும். எனவே நள்ளிரவில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது தாயின் வழக்கமாகிறது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அந்தக் கை ஓய்வதில்லை. ஆன் காசாக்கும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை உறுதிப்படுத்துகிறது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்க, அதிர்ச்சியின் தழும்புகள் அவர்களுடைய தாய் தந்தையரிடமே மிகுதியாகக் காணப்பட்டன. கூச்சரும் ஓமாலியும் 1981இலேயே, மீண்டு வாழும் குடும்பங்களின் நிலையைத் தலைக்குமேல் தொங்கும் வாளின்கீழ் அமர்ந்திருந்த டமாக்ளிஸின் நிலையோடு ஒப்பிட்டு நூல் எழுதினர்.

இத்துடன் பழிச்சொல்லும் சேர்கிறது. கருவுற்ற காலத்தில் என்ன தின்றாய், யார் கண் பட்டது, என்ன பாவம் என்ற கேள்விகள் தாயையே தேடி வருகின்றன. குழந்தைப் புற்றுநோயில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே பரம்பரைக் கூறுகளோடு தொடர்புடையது. பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோரின் செயல் எதுவும் காரணமென்று அறியப்படவில்லை. பெண்பிள்ளையாயின் நோயையே மறைத்துவிடுகிறார்கள். நாளை திருமணப் பேச்சு வருமே என்ற அச்சம். மறைக்கப்பட்ட நோய்க்கு ஆறுதல் சொல்லவும் ஆளில்லாமல் போகிறது.

திரையில் ஒரு மாற்றுமொழி

நோயுற்றோரைப் பற்றிய நம் கற்பனையை உருவாக்கியதில் மேடைக்கு நிகரான பங்கு திரைப்படத்துக்கும் உண்டு. 1982இல் வெளிவந்த ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ ஆகிய இரு தமிழ்ப் படங்களும் ரத்தப் புற்றுநோயை மரணத்தின் மறுபெயராகவே தமிழர் நெஞ்சில் பதித்தன. அடையாற்றில் குழந்தைகள் பிரிவு தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த வேளை அது. அங்கிருந்து பிழைத்துச் சென்ற பிள்ளைகளுக்குத் திரையில் இடமில்லை. கதைக்குத் தேவைப்பட்டது சாவு ஒன்றே.

இதற்கு நேரெதிரான படம், சந்தீப் சாவந்த் இயக்கிய ‘ஷ்வாஸ்’ என்னும் மராத்திப் படம். 2004இல் திரைக்கு வந்த இப்படம், 2003ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பவும்பட்டது. கொங்கணக் கடலோரக் கிராமத்திலிருந்து சிறுவன் பரசுராமனை அவன் தாத்தா நகரத்து மருத்துவமனைக்கு அழைத்து வருகிறார். விழித்திரைப் புற்றுநோய். உயிரைக் காக்க வேண்டுமானால் இரு கண்களையும் அகற்றியாக வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்திட வேண்டியவர் தாத்தா. சிறுவனுக்கு உண்மையைச் சொல்லாமல் அறுவை செய்ய மாட்டேன் என்கிறார் மருத்துவர். அறுவை தள்ளிப்போகும் இடைவேளையில் கிழவர் பேரனோடு வார்டிலிருந்து காணாமற்போகிறார். பார்வை போவதற்கு முன் அவன் உலகைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவனை ஊர்சுற்றிக் காட்டக் கூட்டிப் போயிருக்கிறார்.

படத்தின் பெருமை அது சாவைத் தேடாததில் இருக்கிறது. சிறுவன் பார்வையிழந்து உயிரோடு ஊர் திரும்புகிறான். இழப்பும் பிழைப்பும் ஒன்றாகவே நிகழ்கின்றன. பார்ப்பவர் எதற்காக அழுவது, எதற்காக மகிழ்வது என்று பிரித்தறிய முடியாது. புற்றுநோய்க் குழந்தையின் குடும்பம் வாழும் மனநிலை இதுவே. தாத்தாவின் முகம் ஒரு காட்சியிலும் தத்துவம் பேசுவதில்லை. எந்தத் தாளை எங்கே கொடுப்பது, யாரைக் கேட்பது என்று அவர் தடுமாறும் தாழ்வாரங்களில் படம் நிதானமாக நடக்கிறது. துயரின் பெரும்பகுதி அலைச்சல்தான் என்பதை இயக்குநர் அறிந்திருக்கிறார்.

எனினும் இரு குறைகளைச் சுட்ட வேண்டும். ஒன்று, தாய் கதையின் ஓரத்திலேயே நிற்கிறாள். நம் மருத்துவமனைகளில் இரவு பகலாகக் கட்டிலருகே இருப்பவள் அவள். அவளுடைய உள்ளம் படத்துக்குள் வரவில்லை. மற்றொன்று, கிராமம் திரும்பியதோடு படம் நிறைவுறுகிறது. கண்ணில்லாத சிறுவன் பள்ளி செல்வதும், தோழர்களிடையே இடம் தேடுவதும், அவ்வீட்டார் மறுபடி சிரிக்கக் கற்பதும் அதற்குப் பிறகுதான் தொடங்கும். அந்தக் கதையை இன்னும் எவரும் எடுக்கவில்லை என்பதைவிட, நாம் அதைக் கேட்கவும் இல்லை என்பதே வருத்தத்துக்குரியது.

அறிந்தும் அறியாதது போல

மருத்துவர் சிறுவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தும் இடம் படத்தின் நடுநரம்பு. அதே 2004ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. புற்றுநோயால் பிள்ளையை இழந்த 429 பெற்றோரிடம், மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசினீர்களா என்று உல்ரிகா கிரெய்பெர்க்ஸ் குழுவினர் கேட்டிருந்தனர். பேசியவர்கள் 147 பேர். அவர்களில் ஒருவர்கூடப் பேசியதற்கு வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசாமற்போனதற்கு வருந்தினர்.

மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978இல் வெளியிட்ட நூல் இன்னும் ஆழமாகச் செல்கிறது. ரத்தப் புற்றுநோய் வார்டில் அவர் பழகிய சிறு குழந்தைகள், எவரும் சொல்லாமலே தங்கள் நிலையை அறிந்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பார்த்தும், பெரியவர்களின் முகமாற்றத்தைக் கண்டும், வாசலில் தாழும் குரல்களைக் கேட்டும் கற்றுக்கொண்டார்கள். பெற்றோர் வருந்துவார்களே என்று அறியாததுபோல் நடித்தார்கள். பெற்றோரும் அவ்வாறே நடித்தார்கள். இருதரப்பும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே தவித்தனர்.

இந்நூலைப் படித்துவிட்டு நம் மேடைகளில் தவறாமல் சொல்லப்படும் உம்மு ஸுலைம் (ரலி) வரலாற்றை மீண்டும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மகன் இறந்த இரவில் கணவர் அபூ தல்ஹா (ரலி) களைத்து வந்தபோது அச்செய்தியை மறைத்து, விடிந்தபின் இரவல் பொருளை உவமை காட்டி அறிவித்த தாய் அவர். அந்தப் பொறுமை ஒப்பற்றது, ஐயமில்லை. ஆனால் அவ்வரலாற்றுக்கு முன்பாதி ஒன்றுண்டு. இறந்த அக்குழந்தை அபூ உமைர் என்பது விரிவுரையாளர் சிலரின் கருத்து. தான் வளர்த்த சிறு பறவை இறந்துபோக, துயருற்றிருந்த அபூ உமைரிடம் நபிகளார் (ஸல்) அப்பறவையைப் பெயர் சொல்லி விசாரித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஒரு குழந்தையின் துக்கத்தை, அதுவும் ஒரு பறவைக்கான துக்கத்தை, அகிலத்தின் அருட்கொடை நின்று கேட்டிருக்கிறார்கள். மேடைகளில் தாயின் பொறுமையைக் கேட்கிறோம். குழந்தையின் துக்கத்துக்குச் செவிசாய்த்த அந்த முன்பாதியைக் கேட்பது அரிது. கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும், தலைமுடி உதிர்ந்து தொப்பியோடு மக்தபுக்குத் திரும்பும் பிள்ளைக்கும், பாட்டி வீட்டில் விடப்பட்ட அதன் தம்பிக்கும் உரிய ஸுன்னத் அம்முன்பாதியில் உள்ளது.

மூலங்களை மீண்டும் வாசித்தல்

ஆறுதல் முந்திவிடும் இந்நோய்க்கு மருந்தை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. குழந்தை உயிரோடு இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு நம் மூலங்களில் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு.

உஸாமா பின் ஸைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை எடுத்துக்கொள்வோம். நபிகளாரின் மகளிடமிருந்து ஆள் வருகிறது. பிள்ளை உயிர்ப் போராட்டத்தில் இருக்கிறது, வாருங்கள் என்று. எடுத்ததும் கொடுத்ததும் இறைவனுக்கே உரியன, பொறுமை கொள்க என்று நபிகளார் சொல்லி அனுப்புகிறார்கள். மகள் மீண்டும் ஆளனுப்பி, வந்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டுக் கேட்கிறார். நபிகளார் எழுந்து, தோழர்கள் சூழ அவ்வீட்டுக்குச் செல்கிறார்கள். பிள்ளை அவர்கள் மடியில் வைக்கப்படுகிறது. மூச்சுத் திணறுகிறது. கண்ணீர் பெருகுகிறது. இது என்ன என்று வியந்து வினவும் ஸஅத் (ரலி) அவர்களுக்கு, இது இறைவன் அடியாரின் உள்ளத்தில் வைத்த இரக்கம் என்று விடை வருகிறது.

இந்த அறிவிப்பில் நாம் வழக்கமாக ஓதுவது முதற்பகுதியை. ஸப்ர் செய்க என்ற செய்தியை. ஆனால் அச்செய்தி அம்மகளுக்குப் போதவில்லை என்பதும் இதே அறிவிப்பில் உள்ளது. அவருக்கு வேண்டியிருந்தது தந்தையின் வருகை. உலகின் மிகச் சிறந்த நாவிலிருந்து வந்த ஆறுதலுக்குப் பின்னும் ஆள் வேண்டும் என்று கேட்ட மகளை எவரும் ஈமான் குறைந்தவர் என்று சொல்லவில்லை. நபிகளாரும் கடியவில்லை, எழுந்து சென்றார்கள்.

இதைவிட முக்கியமானது, இந்த ஹதீஸுக்கு ஹாஃபிஸ் இப்னு ஹஜர் (ரஹ்) எழுதிய விளக்கம். அப்பிள்ளை ஸைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவாக இருக்கலாம் என்றும், அவ்வேளையில் இறைவன் அப்பிள்ளைக்கு நலமளித்தான் என்றும் அவர் கருதுகிறார். உமாமா (ரலி) பின்னர் வளர்ந்து அலீ (ரலி) அவர்களை மணந்து வாழ்ந்தவர். இவ்விளக்கத்தை எழுதியவர் யார்? தம் மூன்று பெண்மக்களைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்நோய் பற்றியே தனிநூல் யாத்தவர். புதைத்த கையால்தான் அவர் பிழைத்த குழந்தையைப் பற்றி எழுதுகிறார். ஆறுதல் நூல்களின் யுகத்திலேயே வாழ்ந்தும், மூச்சுத் திணறும் பிள்ளையை இறந்த பிள்ளையாக வாசிக்க அவர் மறுத்துவிட்டார்.

யஅகூப் (அலை) அவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. ‘அழகிய பொறுமை’ என்னும் தொடரைக் குர்ஆன் இருமுறை அவர் வாயில் வைக்கிறது (12:18, 12:83). அதே பொறுமையாளரின் கண்கள் துயரால் வெளுத்துப்போகின்றன (12:84). இன்னுமா யூஸுஃபை நினைத்துக்கொண்டிருக்கிறீர் என்று வீட்டாரே கேட்கிறார்கள் (12:85); நம் காலத்து உறவினர் கேட்பதைப் போலவே. அவரோ தம் முறையீட்டை இறைவனிடம் மட்டும் வைத்துவிட்டு, அடுத்த மூச்சில் மக்களைத் தேடி அனுப்புகிறார். இறையருளில் நம்பிக்கை இழக்காதீர் என்கிறார் (12:86-87). அழுகை, முறையீடு, தேடல், நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்ததே அழகிய பொறுமை. அவர் தேடிய மகன் உயிரோடிருந்தார் என்பதை மறக்கலாகாது.

மூஸா (அலை) அவர்களின் அன்னைக்கு இறைவாக்கு வந்த பின்னும் உள்ளம் வெறுமையானது என்று குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது (28:10). அந்நிலையில் பேழையைப் பின்தொடர்ந்து தொலைவிலிருந்து நோக்கியவள் அக்குழந்தையின் சகோதரி (28:11). நோயுற்ற குழந்தையின் உடன்பிறப்பைப் பற்றி இதைவிட நுட்பமான சித்திரம் அரிது. எல்லார் கண்ணும் பேழையின்மேல் இருக்க, கரையோரமாகத் தனியே நடக்கும் அந்தப் பெண்பிள்ளையை எவரும் காண்பதில்லை. குர்ஆன் கண்டிருக்கிறது, அவள் பேச்சையும் பதிவு செய்திருக்கிறது (28:12).

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாறு சொல்வது களா கத்ர் நம்பிக்கையைத் தளர்த்தாதா என்று சிலர் கேட்கக்கூடும். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடமும் இதே வினா எழுப்பப்பட்டது. ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்தில் அவர்கள் தந்த விடை இன்றும் போதுமானது. காரைப்பேட்டைக்கும் அடையாற்றுக்கும் செல்லும் பேருந்தும் கத்ருக்கு உட்பட்டதே. மருந்து செய்துகொள்ளுமாறு பணித்த நபிமொழியைக் கீழே வைத்துவிட்டு ஸப்ரை மட்டும் மேலே தூக்கிப் பிடிப்பது ஸுன்னத்தைப் பாதியாக்குவதாகும்.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை என்பதையும் நேர்மையோடு சொல்லியாக வேண்டும். மருத்துவம் கைவிரிக்கும் நாள் வரும் வீடுகளும் உண்டு. அந்நாளில் ஸகாவீயும் ஸுயூத்தீயும் தொகுத்தளித்த மொழிக்கு நிகரான மொழி வேறெங்கும் இல்லை. சுவன வாசலில் காத்திருக்கும் பிள்ளை என்னும் சித்திரம் எத்தனையோ தாய்மாரை உயிரோடு வைத்திருக்கிறது. நாம் மறுப்பது அம்மொழியை அன்று; அதன் வேளைப் பிழையை. இழந்த குழந்தைகள் தாய்க்குத் திரையாவர் என்ற அந்த நபிமொழியும், தங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குமாறு பெண்கள் கேட்டுப் பெற்ற அவையில் மலர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு எனில் என்று ஒரு பெண் இடைமறித்துக் கேட்க, இரண்டும் என்று விடை கிடைத்தது. கேட்டவர்களுக்கு, கேட்டபோது கிடைத்த ஆறுதல் அது.

ஆகவே ஜமாஅத்தார்க்கும் ஆலிம் பெருமக்களுக்கும் நாம் முன்வைப்பது எளிய சில செய்திகளே. நோய் விசாரிப்பு ஸுன்னத்தான செயல். ஆனால் வெள்ளணு குறைந்த பிள்ளையின் அறைக்குள் கூட்டமாகச் செல்வது அதற்குத் தீங்கு. வாசலில் நின்று தாயிடம் ஒரு வேளை உணவைக் கொடுத்துவிட்டு வருவதும் நோய் விசாரிப்பே. ஸகாத் நிதியில் மருந்துக்கு ஒதுக்குவதோடு, இரண்டாண்டுப் பயணச் செலவுக்கும் தந்தையின் இழந்த கூலிக்கும் ஒதுக்க வேண்டும். பிள்ளை தெளிந்துவிட்ட ஆறாம் மாதத்திலும் அது தொடர வேண்டும். தந்தையும் அழலாம் என்பதை, மகன் இப்ராஹீமின் மறைவில் கண்ணீர் சிந்திய நபிகளாரை முன்னிறுத்தி ஜும்ஆவில் ஒருமுறையேனும் சொல்ல வேண்டும். மக்தப் ஆசிரியர், நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்தாரைத் தனியே அழைத்து, அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும். பிள்ளையின் நோய் ஒட்டுவதில்லை என்றும், அது எவருடைய பாவத்தின் கூலியும் இல்லை என்றும் அண்டை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த வீட்டுக்குள் நுழைகையில் நாவை அடக்கிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது. அதன் பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன சாப்பிட்டாய், எந்தப் பாடம் படித்தாய், உன் பறவை எப்படி இருக்கிறது என்று கேட்போம். ஸப்ரைப் பற்றிப் பேசும் வேளையை அந்தத் தாயே முடிவு செய்யட்டும்.